எஞ்சின் பெட்டியின் சூடு

இந்த நாற்காலி எனக்குச் சரிப்படவில்லை. முப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தவனுக்கு முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை என்றால் கைகளை எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை. முழங்கால் மேல் வைத்தேன். மார்பில் கட்டினேன். கட்டினால் திமிராக உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது நினைப்பார்களோ என்று எடுத்துவிட்டேன். திமிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. மேடையில் நிற்பது என் மகள். அவளுக்குப் பின்னால் வெள்ளைத் திரையில் ஒரு எலி, ஆள் உயரத்துக்கு, சிவந்த கண்ணோடு என்னையே பார்க்கிறது. இன்றைக்கு இளவேனிலுக்கு வாய்மொழித் தேர்வு. ஐந்து வருஷம் ஆராய்ந்ததை எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அரங்கில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து அவர் தலையை ஆட்டினால் அந்த நிமிஷத்திலிருந்து அவள் டாக்டர். உசிலம்பட்டி டெப்போ டிரைவர் துரைசிங்கத்தின் மகள் டாக்டர். நேற்று டெப்போவில் லீவ் எழுதிக் கொடுத்தபோது கிளார்க் கேட்டான், "என்னண்ணே காரணம்னு போட?" "மகள் தேர்வு" என்றேன். "காலேஜ் பிள்ளைக்கு நீங்க எதுக்குண்ணே போகணும்?" என்றான். விளக்கிச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. ஐம்பத்தாறு வயசில் கிளார்க் முன்னால் நின்று அழுவதற்கா லீவ் எழுதினேன். பக்கத்தில் ரஞ்சிதம் பட்டுப்புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். அவளுடைய கவலை வேறு. "ஏங்க, வடை வந்துருச்சான்னு பாத்துட்டு வாங்களேன். பதினொண்ணரைக்கு டிபன்னு சொன்னா. ஆறிப் போனா அந்த கோயம்புத்தூர்க்காரர் என்ன நினைப்பார்?" "வடைக்கு மார்க் கிடையாது, பேசாம இரு." "உங்களுக்குத் தெரியுமா கிடையாதுன்னு?" தெரியாது. இந்த அரங்கில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மேடையில் நிற்கிறாளே, அவளைத் தெரியும். அதுவும் முழுக்கத் தெரியுமா என்பதுதான் என்னைத் தின்கிறது.

ஒவ்வொரு படத்தையும் முதலில் ஆங்கிலத்தில் சொல்கிறாள், பிறகு தமிழில். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் சுகந்தி அம்மாவிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்காக. அவ்வளவு பெரிய அரங்கில் இரண்டு பேருக்காக ஒரு பாஷை. ஆங்கிலத்தில் பேசும்போது நான் அவள் கையைப் பார்க்கிறேன். கை நிதானமாகப் படத்தைக் காட்டுகிறது. தமிழில் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறேன். பிறந்த குட்டியைத் தாய் எலி நக்குகிறது. தலையை, முதுகை, அடிவயிற்றை. அழுக்குப் போக மட்டும் இல்லையாம். அந்த நாக்கு படப்படக் குட்டியின் மூளைக்குள்ளே வேலை நடக்கிறதாம். "பயம் எல்லா உயிருக்கும் வரும். வரணும். வந்த பயத்தை நிறுத்துறதுக்கு மூளையில ஒரு பிரேக் இருக்கு. நல்லா நக்கி வளர்த்த குட்டிக்கு அந்த பிரேக் மிதிச்சதும் பிடிக்குது. மற்றதுக்கு வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிக்குது" என்றாள். அரங்கில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. பிரேக். இதை இந்த ஊரில் யார் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள்? ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் மிதித்தும் வண்டி ஓடுகிற அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ரஞ்சிதத்தின் முழங்கையை இடித்தேன். "கேட்டியா?" "கேட்டேன், கேட்டேன். பிள்ளையை நக்கணுமாம். நல்லவேளை, இதெல்லாம் அப்ப நமக்குத் தெரியல" என்றாள். தெரிந்திருந்தால் மட்டும் அவள் என்ன செய்திருக்க முடியும். இளவேனிலுக்கு மூன்றரை வயசில் ரஞ்சிதத்துக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் பத்து மாதம். பிள்ளையைப் பக்கத்தில் விடமாட்டார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே நான் தூக்கிக் காட்டுவேன், உள்ளே அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டுவாள். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் பிள்ளை என்னோடு பஸ்ஸில் வந்தாள். பழைய பஸ்களில் டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் எஞ்சினை மூடி ஒரு பெட்டி இருக்கும், மேலே பழுப்பு ரெக்சின் தைத்து. அதுதான் அவள் வீடு. ஓடும்போது சூடாக இருக்கும், விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். துண்டை மடித்துப் போட்டுப் படுக்க வைப்பேன். டிரைவர் கேபினில் ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். செக்கிங் வந்தால் கண்டக்டர் சிக்கந்தர் இரண்டு விசில் கொடுப்பார், யாராவது ஒரு அம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அந்தப் பத்து மாதமும் இவள் அந்த பஸ்ஸில் யார் யார் பிள்ளையாகவெல்லாமோ இருந்திருக்கிறாள்.

அடுத்த படம். மூன்று பெட்டிகள், மூன்று கூட்டம். முதல் கூட்டத்துக் குட்டிகள் தாயோடேயே இருக்கும். இரண்டாவது கூட்டத்தைத் தினமும் தாயிடமிருந்து எடுத்து வெறும் பெட்டியில் வைப்பார்கள். "மூணு மணி நேரம்" என்றாள். நான் நிமிர்ந்தேன். ஏன் மூன்று? இரண்டு வைக்கக் கூடாதா, நான்கு வைக்கக் கூடாதா? எல்லா ஆராய்ச்சிக் கூடத்திலும் மூன்றுதானாம், முன்னாலிருந்தே வருகிற வழக்கமாம், அதையும் அவளே சொன்னாள். இருக்கட்டும். ஆனால் சொல்லும்போது என் பக்கம் பார்த்தாளா? பார்த்த மாதிரியும் இருந்தது. திரையைப் பார்க்கத் திரும்புகிறவளின் கண் வழியில் இருக்கிறவர்கள் மேல் படத்தான் செய்யும். நானே ஏன் எல்லாவற்றையும் என் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து போடி போய்த் திரும்ப மூன்று மணி நேரம். கணவாயில் லாரி மறித்தால் இன்னும் பத்து நிமிஷம். அது எனக்குத் தெரிந்த மூன்று மணி நேரம். அந்தப் பத்து மாதத்தில் ஒரு நாள், எனக்கு டியூட்டி மாறுகிற நாள், சிக்கந்தருக்கும் மாற்றம். வண்டி உசிலம்பட்டியில் நின்றதும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் சொல்லி அனுப்பிய செய்தி காத்திருந்தது, ரஞ்சிதம் காலையில் ரத்தமாகக் கக்கினாளாம், வந்து பார்க்கச் சொன்னார்களாம். லாக் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்து எந்தக் கட்டத்தில் விழுந்தது என்றுகூடத் தெரியாது. பெட்டி மேல் தூங்குகிற பிள்ளையை வழக்கமாக சிக்கந்தர்தான் இறக்குவார். அவர் டிக்கெட் பையோடு முன்னால் போய்விட்டார், சேதி கேட்ட நான் பிள்ளையைத் தூக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு. அவர் தூக்கியிருப்பார் என்று நான். அடுத்த டியூட்டி பவுல்ராஜ். ஏறி, பக்கத்துப் பெட்டியைக் கவனிக்காமலே ஹாரன் அடித்து, போடிக்கு எடுத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் டீக்கடையில் கிளாஸை வாங்கியபோது என் தோள் லேசாக இருந்தது. தோளில் துண்டு இல்லை. துண்டு எங்கே என்று யோசித்தேன். துண்டு பிள்ளைக்கு அடியில். பிள்ளை எங்கே.

அதைக்கூட மன்னிக்கலாம். ஆயிரம் நாளில் ஒரு நாள் எந்த டிரைவருக்கும் புத்தி மாறிப் போகும். மன்னிக்க முடியாதது டைம் கீப்பர் அறையில் இருந்த கறுப்புப் போன். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கோ தேனிக்கோ ஒரு போன் போட்டால் போதும். வண்டி வந்ததும் பவுல்ராஜிடம் சொல்வார்கள், பிள்ளையைப் பத்திரமாக இறக்கி வைத்துக்கொள்வார்கள், நான் அடுத்த வண்டியில் போய்விடுவேன். ஆனால் போனை எடுத்தால் டைம் கீப்பர் கேட்பார். பிள்ளை எப்படி கேபினில் வந்தது, எத்தனை நாளாக வருகிறது. எனக்கு மெமோ. தெரிந்தே விட்டதற்கு சிக்கந்தருக்கு மெமோ. சஸ்பெண்ட் ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எப்படி, நாளைக்குப் பிள்ளையை எங்கே வைப்பது. இப்படித்தான் யோசித்தேன். யோசித்தேன் என்பது கூடப் பெரிய வார்த்தை. அறை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் "என்ன துரைசிங்கம்?" என்று அவர் கேட்டதற்கு "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பி வந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்கும் போகாமல் தேனி ரோட்டைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நின்றேன். பயந்த எலி. என் அப்பா லாரி கிளீனர், அவருக்கு பெல்ட்டுதான் பாஷை. என் பிரேக்கை யாரும் சரியாகப் போட்டு விடவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாமா? மகள் படித்த படிப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ? அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் போனை எடுக்காமலா இருக்கிறார்கள்? வண்டி திரும்பி வந்தபோது எஞ்சின் பெட்டி மேல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் பாதி பன். பவுல்ராஜ் இறங்கி என் தோளைத் தட்டி, "அழவே இல்லப்பா, தங்கம்" என்றார். ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள். கன்னத்தில் கோடாக ஒன்று இருந்தது. காய்ந்த கண்ணீரா, வண்டிப் புகையா என்று இந்த இருபத்துநாலு வருஷமாக எனக்குத் தெரியாது. அவள் என் காக்கிச் சட்டைக்குள் மூக்கை வைத்து அமுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். பவுல்ராஜ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ரஞ்சிதத்திடம் சொல்லவில்லை. முதலில் நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று, பிறகு நோய் தீர்ந்தவளிடம் எதற்கு என்று, பிறகு இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று.

அரங்கில் திடீரென்று ஒரு சத்தம். நான் கொஞ்சம் எழுந்தேவிட்டேன். ரஞ்சிதம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மெல்லியதாக, விட்டு விட்டு, தேய்ந்துபோன பிரேக் கட்டை கிரீச்சிடுவதுபோல. "இது பிரிச்சு வச்ச குட்டியோட குரல். நம்ம காதுக்கு இது கேட்காது. அவ்வளவு கீச்சுக் குரல். பக்கத்துலயே நின்னாலும் பெட்டி அமைதியா இருக்கறதாத்தான் நாம நினைப்போம். இது மெஷின்ல பதிவு பண்ணி, வேகத்தைக் குறைச்சு, நமக்குக் கேட்கற மாதிரி மாத்தினது" என்றாள். அழவே இல்லப்பா, தங்கம். நெற்றி வேர்க்கிறது, ஏசி ஓடுகிறது, வேர்க்கிறது. பிரித்து வைத்துப் பிறகு வளர்ந்த எலிகளைக் காட்டுகிறாள். அகலமான தட்டையான ஒரு தொட்டி, நடுவில் பெரிய விளக்கு. பயந்த எலி நடுவுக்கு வராதாம். சுவரை ஒட்டியே சுற்றி வருகிறது, மீசையால் சுவரைத் தொட்டுத் தொட்டு. ஐந்து வயசில் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது இவள் தெருவின் ஓரத்துச் சுவரில் விரலை இழுத்துக்கொண்டே வருவாள். சுண்ணாம்பு ஒட்டிய விரலை ஒவ்வொரு நாளும் என் வேட்டியில் நான்தான் துடைத்துவிடுவேன். அது விளையாட்டு என்று நினைத்தேன். அந்த நாளுக்குப் பிறகு பஸ்ஸில் தூங்கவே மாட்டாள், எவ்வளவு தூரம் போனாலும். ஹாஸ்டலுக்குப் போன பிறகும் என் டியூட்டி முடியும் நேரம் கணக்காகத் தெரிந்து வைத்துக்கொண்டு போன் பண்ணுவாள். "இறங்கிட்டீங்களாப்பா?" அவ்வளவுதான் கேள்வி. பாசம் என்று பெருமைப்பட்டு டெப்போ முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதெல்லாம் இந்தத் திரையில் புள்ளிப் புள்ளியாக இருக்கிறதா? என் பெருமையெல்லாம் அவளுடைய காயத்தின் மேல் நின்றுகொண்டிருந்ததா? நிமிர்ந்து பார்த்தேன். மைக் வைத்த மேஜையை விட்டு நகர்ந்து மேடையின் நடுவுக்கே வந்திருக்கிறாள், தலைக்கு நேர் மேலே விளக்கு. சுவர் அவளுக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்கிற நினைப்பே இல்லாதவள்போல் நிற்கிறாள். இது எப்படி நடந்தது? இவளுக்கு யார் பிரேக் போட்டு விட்டது?

"மூணாவது கூட்டம்தான் என்னோட சொந்த வேலை" என்றாள். அதையும் மூன்று மணி நேரம் பிரிப்பார்கள், ஆனால் வெறும் பெட்டியில் இல்லை. படம் மாறியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. அடியில் சின்ன மோட்டார், சின்ன ஹீட்டர். லேசான சூடு, விடாத அதிர்வு. மேலே பழுப்பு நிறத்தில் ரெக்சின் ஒட்டி, அதன்மேல் ஆறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன, தோல் சிவப்பாக, கண் திறக்காமல். எனக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. அழகாகச் செய்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்தேன், கைவேலை நன்றாக வந்திருக்கிறது, தையல் நேராக இருக்கிறது. பிறகு தட்டின் ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். 946. மறுபடி படித்தேன். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு வண்டி நம்பர் உண்டு, சாகும்போதும் மறக்காது. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும், இரண்டாவது கியர் விழ மறுக்கும், மழையில் இடது வைப்பர் நின்று போகும், அந்த வண்டி. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "அது என்னம்மா 946? மாடல் நம்பரா? இதுக்கு முன்னாடி தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு பண்ணீங்களா?" அரங்கு சிரித்தது. அவளும் சிரித்தாள். "இல்லை சார். முதல்ல ஓடின வண்டியோட நம்பர். ஞாபகத்துக்கு வச்சேன்." அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ரஞ்சிதம் என் காதில், "நம்ம வண்டி நம்பர் மாதிரி இல்ல?" என்றாள். "மாதிரிதான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அப்படியானால் அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நாலு வயசுப் பிள்ளைக்கு நம்பர் நினைவிருக்கிறது என்றால் அந்த நாள் நினைவிருக்காதா? சூடு நினைவிருக்கிறது என்றால், முழித்துப் பார்த்தபோது ஸ்டியரிங்கில் வேறு கை இருந்ததும் நினைவிருக்கும்தானே?

தேர்வாளர் கடினமானவர். வடையெல்லாம் இவரிடம் பலிக்காது. "தகப்பன் எலி என்ன பண்ணுது? உங்க ஆராய்ச்சியில அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றார். "பிரசவத்துக்கு முன்னாடியே கூண்டுலேர்ந்து எடுத்துடுவோம் சார். ஆய்வுக்கூட வழக்கம் அது. அதனால தகப்பனைப் பத்தி எங்ககிட்ட டேட்டா இல்லை." "எடுத்தது நல்லதுக்கா, கெட்டதுக்கா?" "தெரியாது சார். தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்கு." மறுபடி சிரிப்பு. ரஞ்சிதமும் சிரித்தாள், என் தொடையைத் தட்டி. பிறகு அவர் கணக்குக்கு வந்தார். திரையில் பயத்தின் அளவைக் காட்டும் மூன்று கோடுகள். வெறும் பெட்டிக் குட்டிகள் மேலே, தாயோடு இருந்தவை கீழே, தட்டில் இருந்தவை இரண்டுக்கும் நடுவில். "ஆக உங்க தட்டு பாதி வேலைதான் செய்யுது." "ஆமா சார். பாதிதான். தாய்க்குப் பதிலா எதையும் வைக்க முடியும்னு நான் எங்கேயும் எழுதலை." "மீதிப் பாதி?" அவள் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுவிட்டுக் குடிக்காமல் வைத்தாள். "மீதி, திரும்பச் சேர்ந்ததுக்கு அப்புறம் இருக்கு சார். மூணாவது கூட்டத்துலயே சில குட்டி முதல் கூட்டத்தோட சமமா வந்திருக்கு. ஏன்னு பார்த்தோம். அதுங்களைத் திரும்பக் கொண்டுபோய் வச்சதும் அந்தத் தாய்ங்க மத்த வேலையெல்லாம் விட்டுட்டு மணிக்கணக்கா நக்குது. விட்டுப்போன மூணு மணி நேரத்தையும் சேர்த்து நக்கற மாதிரி. நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான்." சீப்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சிவப்பு பிளாஸ்டிக் சீப்பு, இரண்டு பல் உடைந்தது, கண்முன்னால் வந்து நின்றது. அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு டிரிப் முடிவிலும், போடியிலும் உசிலம்பட்டியிலும், பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கிற அந்தப் பத்து நிமிஷமும் அவளை மடியில் வைத்துத் தலை சீவிவிட்டேன். டீ குடிக்கப் போகவில்லை. சீவிய தலையையே மறுபடி சீவினேன். "துரைசிங்கம், பிள்ளை மண்டை வழுக்கையாயிடும்யா" என்று பூக்காரியெல்லாம் சத்தம் போட்டுச் சிரிப்பாள். மாதக்கணக்கில். ஏன் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. தண்டனை என்று நினைத்தேன், பிராயச்சித்தம் என்று நினைத்தேன், கையைச் சும்மா வைத்திருக்கப் பயம் என்று நினைத்தேன். அதை எப்படி மறந்தேன்? செய்யாத போனை இருபத்துநாலு வருஷம் ஞாபகம் வைத்திருந்தவன் செய்த சீப்பை மறந்துவிட்டேன். உடனே இன்னொரு குரல். ஆகா, பார், சௌகரியமான ஒன்று கிடைத்ததும் பிடித்துக்கொள்கிறாய். மகள் எலியைப் பற்றிச் சொன்னால் நீ உனக்கு மாலை போட்டுக்கொள்கிறாய். சீப்பு இருந்தது உண்மைதான். போனும் உண்மைதான். நடுவில் ஒரு கோடு.

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு அரங்கைப் பார்த்தார். "சபையில யாருக்காவது கேள்வி இருந்தா கேட்கலாம்." ஒரு மாணவி எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள், பதில் வந்தது. ஒரு தாடிக்காரர் கேட்டார், பதில் வந்தது. "வேற யாராவது?" என்றார். என் கை மேலே இருப்பதை ரஞ்சிதம் பிடித்து இழுத்தபோதுதான் நானே பார்த்தேன். "ஏங்க, இறக்குங்க. பிள்ளை மானம் போயிரும்." யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுந்து நின்றேன். மைக் கையில் வந்ததும் ஆச்சரியமாகக் கை அமைதியாகிவிட்டது, பிடிக்க ஒன்று கிடைத்ததால் இருக்கலாம். மேடை நடுவில் அவள் என்னைப் பார்க்கிறாள். முகத்தில் பயம் இல்லை. கேள்வி எதுவானாலும் வரட்டும் என்று நிற்கிற முகம். அந்த முகத்துக்கு முன்னால் பொய்யாக ஒன்றைக் கேட்டு உட்கார்ந்துவிட எனக்கு மனசு வரவில்லை. "தினம் தினம் பிரிச்சா இப்படின்னு சொன்னீங்க" என்றேன். மகளை நீங்கள் என்கிறேன், சபையில் வேறெப்படிச் சொல்வது. "தினம் இல்லாம, ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு நாள், மூணு மணி நேரம். வேணும்னு இல்ல. மறந்துபோய். தட்டு மேலதான் இருந்துச்சு. ஆனா எடுத்துட்டு வர வழி இருந்தும் எடுத்துட்டு வரலன்னு வைங்க. அந்தக் குட்டி அழுதிருக்குமா? அதுக்கு ஞாபகம் இருக்குமா?"

அரங்கில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி அம்மா எங்களைத் தெரிந்தவர், அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் இளவேனிலுக்கும் நடுவில் பதினைந்து வரிசை நாற்காலி. "ஒரு தடவை மட்டும் பிரிச்சா என்ன ஆகும்னு நாங்க அளக்கலை" என்றாள் மெதுவாக. "அதனால ஆராய்ச்சின்னு சொல்ற மாதிரி பதில் என்கிட்ட இல்லை. ஆனா முதல் நாள் பதிவு தனியா இருக்கு. அதுல பார்த்ததை மட்டும் சொல்றேன். குட்டி கத்தும். கத்தலைன்னு சொல்ல மாட்டேன். நல்லாவே கத்தும். ஏழெட்டு நிமிஷம். அப்புறம் தட்டுச் சூட்டுல வயித்தை அமுக்கிக்கிட்டுத் தூங்கிடும். ஞாபகம் இருக்குமான்னா, இருக்கும்னுதான் நினைக்கிறேன். சூடும் சேர்ந்துதான் ஞாபகம் இருக்கும். திரும்பக் கொண்டுபோய் வச்சதும் நேரா போய் வாசத்துல மூக்கை வச்சு அமுக்கிக்கும்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து இப்போது ஒரு வாய் குடித்தாள். "கோபிச்சுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்த குட்டியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

எங்கோ பின்னால் சிரித்தார்கள். எலி கோபித்துக்கொள்வதை நினைத்துச் சிரித்திருப்பார்கள். தேர்வாளரும் சிரித்தார், எதையோ எழுதினார். ரஞ்சிதம் சிரிக்கவில்லை. என் சட்டையை இழுப்பதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பட்டுப்புடவை ஓரத்தை விரலில் சுற்றியபடி. "என்னங்க?" என்றாள். "வீட்டுக்குப் போற வழியில சொல்றேன்" என்றேன். சொல்லிவிடுவேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்கார வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. மேடையின் நடுவில், விளக்குக்குக் கீழே, கேள்வி கேட்ட எல்லாருக்கும் சொல்வதை இளவேனில் எனக்கும் சொன்னாள், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடாத பெயரில்.

"கேள்விக்கு நன்றி, சார்."